பயணமெண்டு விட்ட நோன்பு

என்ட பிள்ளைகளின்ட வாப்பாவுக்கு,

ஸலாம். ஒரு நோன்பும் விடாத ஆள் நீங்கள். கம்பனிக்கு டிரெக்டரான பிறகு, முடிஞ்ச நோன்பு மாசத்தில பதினெட்டு விட்டீங்கள். கேட்டால், "கொழும்பில மீட்டிங், பயணத்தில விடலாந்தானே" எண்டீங்கள்.

டிரைவர் நஸாருக்குப் பொய் வராது. கொழும்புக்கெண்டு வெளிக்கிட்ட கார் பகல் முழுக்க இஞ்ச பக்கத்தில விடத்தல்தீவில நிண்டதாம். நீங்கள் பின்சீற்றில நித்திரையாம்.

உங்கட கோட்டுப் பொக்கற்றில முடிஞ்ச வலி மாத்திரை அட்டைகள் ஆறு கிடந்தது. முதுகுவலி எண்டு சொல்லாதீங்கோ. தொழுகையில நீங்கள் லேசாக் குனிஞ்சு எழும்பிறதை நான் தினமும் பாக்கிறன்.

விட்ட நோன்பைப் பிடிக்கத்தானே வேணும்? திங்கக்கிழமை ரெண்டுபேரும் பிடிப்பம். நோன்பு திறக்கிற மஃரிப் வரைக்கும் பக்கத்திலயே இருப்பன். மாத்திரை இல்லாமல் இருந்து காட்டினால், சந்தேகப்பட்டதுக்கு மன்னிப்புக் கேக்கிறன்.

அண்டைக்கும் பயணமெண்டால், நானும் காரில ஏறுவன். ஆசுபத்திரிக்குத்தான் போவம்.

உங்கட வீட்டுக்காரி