இத்தா முடிவதற்குள் ஒரு மதிப்பீடு

செந்தூல், கோலாலம்பூர்
14 ஜனவரி 2018

அன்புள்ள லிண்டா,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம்தானே? நீதிமன்றத்தில் நீ விவாகரத்து கேட்டாய், நான் ஒரு தலாக் சொன்னேன். தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் மூன்று மாத இத்தா முடியும்வரை வீடு அவளுக்கு என்றார்கள். தலையாட்டிவிட்டு இந்த வாடகை அறைக்கு வந்தேன். கீழ்க்கடைக்காரன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்கு வைக்கும் மிளகாய்ச் சம்பலில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறான். சாப்பிடும்போதெல்லாம் ஷா ஆலம் வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வருகிறது.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை. அதனால்தான் கடிதம். உறைக்குள், நான் நிர்வகிக்கும் பயு சுகூக் என்ற வட்டியில்லா இஸ்லாமியப் பத்திர நிதியின் சென்ற ஆண்டு மதிப்பீடு இருக்கிறது. பதினோரு வருடமாக உன் கண் படாமல் என் கணக்கு எதுவும் வெளியே போனதில்லை. ஆசிரியர் கூட்டுறவுச் சங்கம் தன் ஓய்வுக்காலப் பணத்தை என்னிடமே விடுவதா, எடுத்துக்கொள்வதா என்று இதைப் பார்த்துத்தான் மார்ச்சில் முடிவு செய்யும். எடுத்தால் நிதியில் பாதி காலி, என் நாற்காலியும் காலி.

நமக்கு வருமானம் 4.52 சதவீதம். ஒப்பிடும் சந்தைக் குறியீடு 4.47. முந்திவிட்டேன்! வழக்கம்போலக் கடைசியில் உன் ஒரு சொல்லை எழுது: வாங்கு, வைத்திரு, விற்றுவிடு.

கைருடின்

ஷா ஆலம்
22 ஜனவரி 2018

திரு. கைருடின் அவர்களுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அறிக்கையைப் படித்தேன். பத்திரங்கள் நல்ல தேர்வு, செலவும் குறைவு.

பக்கம் பதினேழு. நெடுஞ்சாலை நிறுவனம் நான்கு மாதம் தாமதமாகப் பணம் கட்டி, எண்பத்தெட்டாயிரம் ரிங்கிட் அபராதமும் தந்திருக்கிறது. வட்டி வாங்காத நிதிக்கு அந்த அபராதமும் ஆகாது, தர்மத்துக்குத்தான் போக வேண்டும் என்று உங்கள் ஷரியா ஆலோசகரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் அதை வருமானத்தில் சேர்த்திருக்கிறீர்கள். கழித்தால் 4.41 வருகிறது. நீங்கள் குறியீட்டை முந்தவில்லை.

இப்படியே இருந்தால் என் சொல்லை எழுத மாட்டேன்.

ஹஸ்லிண்டா

செந்தூல்
30 ஜனவரி 2018

அன்புள்ள லிண்டா,

‘அபாங்’ என்று கொஞ்சிய வாய், இப்போது ‘திரு.’ என்கிறது. கல்யாணப் பத்திரிகையில்கூட எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

டிசம்பர் 31 அன்று அந்தப் பணம் நிதியின் கணக்கில்தான் இருந்தது. அது பொய்யா? பிப்ரவரியில் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவேன். வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு போடுகிறேன். யார் தலையிலும் கை வைக்கவில்லையே. என் வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்.

கைருடின்

ஷா ஆலம்
9 பிப்ரவரி 2018

திரு. கைருடின் அவர்களுக்கு,

பொய் இல்லைதான். நீங்கள் பொய்யே சொல்வதில்லை.

குழந்தை விஷயத்தில் டாக்டர் இரண்டு பேருக்கும் குறை என்றார். உங்களுக்குச் சற்று அதிகம் என்றார். உங்கள் அம்மாவிடம் போய், “லிண்டாவுக்குக் குறை இருக்காம், அம்மா” என்று மட்டும் சொன்னீர்கள். அதுவும் பொய்யில்லை. உங்கள் தங்கை கல்யாணத்தில் அத்தனை பேர் நடுவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன செய்றது, என் மகனுக்கு வாய்ச்சது அவ்வளவுதான்” என்றார். பக்கத்தில் நின்று நீங்கள் சாத்தே இறைச்சிக் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு வருடம் உங்கள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. குழந்தை இல்லாததற்காக நான் நீதிமன்றம் போகவில்லை.

பொடி எழுத்துக் குறிப்பு வேண்டாம்.

ஹஸ்லிண்டா

செந்தூல்
9 மார்ச் 2018

அன்புள்ள லிண்டா,

ஒரு மாதம் எழுதவில்லை. எழுத முகம் இல்லை.

திங்கட்கிழமை சங்கக் கூட்டத்தில் 4.41 என்றே வைத்தேன். ஏன் குறைந்தது என்றும் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தோத்துட்டேன்னு சொல்றதுக்குப் படம் போட்டு விளக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் இருந்து நிதி வேறொருவர் கையில். எனக்கு வாடிக்கையாளர் புகார் மேசை.

அன்றைக்கே கிள்ளானில் அம்மா வீட்டுக்குப் போனேன். “அம்மா, குறை ரெண்டு பேருக்கும்தான். எனக்குத்தான் அதிகம். ரெண்டு வருஷமா மறைச்சுட்டேன்” என்றேன்.  “அவ முன்னாடி என்னைப் பாவியாக்கிட்டியேடா” என்றார் அம்மா. சோறு போடவில்லை.

28-ஆம் தேதி இத்தா முடிகிறது. அதற்குள் மனமொத்தால் புது நிக்காஹ் இல்லாமலே சேரலாம் என்பது உனக்கும் தெரியும். கேட்க எனக்கு வாயில்லை. உறைக்குள் திருத்திய அறிக்கையை வைத்திருக்கிறேன், தர்மப் பணத்தின் ரசீதும் இருக்கிறது. அதற்கு மட்டும் உன் சொல்லை எழுது.

கைருடின்

ஷா ஆலம்
17 மார்ச் 2018

அபாங்,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று உங்கள் அம்மா ரெண்டாங் கறி டப்பாவோடு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து, “ஒண்ணுமே இல்லையேடி, என்னத்தத் தின்னு உசுரோட இருக்கே?” என்றார். அதற்குமேல் இருவராலும் அழுகையை அடக்க முடியவில்லை. உங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், உங்களுக்காகக் கொண்டுவந்ததில்லை என்று அவர் சொன்னாலும்.

அறிக்கையை இரண்டு முறை படித்தேன். குறியீட்டுக்குக் கீழேதான். பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தர்மப் பணம் தர்மத்துக்குப் போயிருக்கிறது, எந்தப் பக்கத்திலும் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நீங்கள் கேட்ட என் ஒரு சொல்:

வைத்திரு.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மத அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். இத்தா முடிவதற்குள் சேர்ந்துவிட்டோம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்து நிற்காதீர்கள்.

லிண்டா