இடது பக்கம் இழுக்கிற கார்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் நம்பரை போனில் தடுத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் கடிதம்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி பழைய கார்களின் ஊர்வலம். தன் காரில்தான் வருவேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். மூன்று வருடமாக ஷெட்டில் கிடந்ததை வெளியே எடுத்து ஒரு மாதமாக ஓட்டிப் பார்க்கிறேன். இடது பக்கமாக இழுக்கிறது. ஸ்டீயரிங்கை விட்டால் பத்து எண்ணுவதற்குள் நடைபாதையில் ஏறப் பார்க்கிறது. இடது முன் டயரின் வெளி ஓரம் மொட்டையாகிவிட்டது. நம் பட்டறையில் இப்போது வீல் அலைன்மென்ட் தெரிந்தவர் யாரும் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் காட்டினேன். "இந்தக் காரோட அளவே எங்க கம்ப்யூட்டர்ல இல்ல சார்" என்று கையை விரித்துவிட்டார்கள். சனிக்கிழமை இன்னொரு மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிறேன் என்கிறார்.

அந்த அளவெல்லாம் உன் தலையில்தான் இருக்கிறது. பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கொஞ்சம் எழுதி அனுப்பு அக்கா.

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

சனிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்த மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பு. நான் சொல்லும்வரை காருக்கு அடியில் இருக்கிற ஒரு நட்டையும் யாரும் தொடக்கூடாது.

பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! நீ காரைக் கொண்டுபோய் இடது பக்க ரோட்டோரத் திட்டில் இடித்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இடுப்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் நாக்கு கூசாமல் என்ன சொன்னாய்? "அக்கா டை ராடு நட்ட இறுக்காம விட்டுட்டாங்கப்பா. அது கழண்டுதான் ஸ்டீயரிங் இழுத்துடுச்சு. நான்தான் ரோட்டுலயே இறுக்கி ஓட்டிட்டு வந்தேன்." கட்டிலில் படுத்தபடியே அப்பா என்னைப் பார்த்து, "உன் கை இனிமே எந்த வண்டியிலயும் படக்கூடாது" என்றார். பதினாறு வருடம் வேலை செய்த பட்டறையை விட்டு ஒரு பையோடு வெளியே வந்தேன்.

காருக்கு அடியில் ஒரே ஒரு நிமிடம் படுத்துப் பார்க்க விடுங்கள் என்றுதான் அன்று கேட்டேன். ஷெட் சாவியை நீ பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. இன்று நான் பஸ் டிப்போவில் சக்கரம் கழற்றிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் கெட்டது கெட்டதுதான். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ஆனாலும் அப்பா உட்காரப்போகிற கார் அது. அதனால் சொல்கிறேன். சமதரையில் நிறுத்து. நான்கு டயரிலும் காற்றைச் சமமாக வை. ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்தும் தூக்குநூல் விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வை. முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று இரண்டு பக்கமும் அளந்து எழுது. போன் வேண்டாம், கடிதமே போதும். போனில் சொன்னதை நீ அப்புறம் மாற்றிச் சொல்வாய்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ சொன்னபடியே அளந்தேன். வலது பக்கம் 2410 மில்லிமீட்டர், இடது பக்கம் 2396. நம்பாமல் மூன்று முறை அளந்தேன். ஒரே காரில் பதினான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் எப்படி அக்கா வரும்?

இன்னொன்று. ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறது என்று இரண்டாவது கடையில் அதைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்தார்கள். வேறு எதையும் அவர்கள் தொடவில்லை.

அப்பா தினமும் காலையில் வந்து காரைத் துடைக்கிறார். அவரை ஏமாற்ற மனம் வரவில்லை. சீக்கிரம் எழுது.

உன் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

அவரை ஏமாற்ற மனம் வரவில்லையா? படித்துவிட்டுச் சிரித்தேன். டிப்போவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இடது சக்கரம் பதினான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி நிற்கிறது. சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்ம் அன்று இடித்ததில் வளைந்திருக்கிறது. நீ பம்பரைத் தட்டி பெயிண்ட் அடித்தாய், அடியில் பார்க்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் காஸ்டர், அதாவது சக்கரத்தை நேராக ஓட வைக்கிற பின்சாய்வு, குறைந்துவிட்டது. எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம்தான் கார் இழுக்கும். சக்கரத்தின் மேல்பக்கமும் வெளியே சாய்ந்திருக்கும். டயரின் ஓரம் தேய்ந்தது அதனால்தான். ஸ்டீயரிங்கைக் கழற்றி நேராக மாட்டுவது வேலையே இல்லை, வெறும் பூசி மெழுகுவது. உனக்குப் பிடித்த வேலைதான்.

அளவு தருவதற்கு முன் எனக்கு ஐந்து விவரம் வேண்டும். காரை ஸ்டாண்டில் ஏற்றி நீ அடியில் படு. ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்தே வளர்ந்தவன் நீ, சட்டை கொஞ்சம் அழுக்காகட்டும். அப்பாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வை. நீ சொல்லச் சொல்ல அவர் எழுதட்டும். உன் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும், தப்பானால் கார் போய்விடும்.

ஒன்று: மேல் ஆர்முக்குப் பின்னால் எத்தனை தகடுகள், இரண்டு பக்கமும். இரண்டு: பால் ஜாயின்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா. மூன்று: இடது கீழ் ஆர்மில் வளைவு எந்த இடத்தில். நான்கு: சக்கரத்தைத் திருப்புகிற டை ராடில், அதை அசையாமல் பிடிக்கிற லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது. ஐந்து: லாக் நட்டையும் ராடையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருக்கும். அது நேராக, முழுதாக இருக்கிறதா, நட்டு திரும்பியதால் உடைந்து விலகியிருக்கிறதா. இரண்டு பக்கமும் பார். சத்தமாகச் சொல், அப்பாவுக்குக் காது மந்தம்.

அவர் எழுதின தாளையே அனுப்பு. நகல் வேண்டாம்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

உனக்கு இப்போது திருப்தியா?

நான்காவது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்பா உற்சாகமாக எழுதிக்கொண்டே வந்தார். ஐந்தாவதைப் பார்த்து, "மஞ்சள் கோடு ரெண்டு பக்கமும் முழுசா இருக்குப்பா, உடையவே இல்ல" என்று கத்தினேன். பென்சில் கீறும் சத்தம் நின்றுவிட்டது. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கத்தினேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். பென்சில் கீழே விழுந்து உருண்டு என் பக்கத்தில் வந்து நின்றது.

"அப்ப நீ எதைடா இறுக்கின?"

நட்டை இறுக்கியிருந்தால் கோடு உடைந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.  காருக்கு அடியில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன் அடித்தது, குனிந்து எடுத்தேன், நிமிர்வதற்குள் இடித்துவிட்டது. எந்த நட்டும் கழலவில்லை, நான் எதையும் இறுக்கவில்லை. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அப்பா உன்னை அனுப்புவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை. அனுப்பிய பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

அப்பா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. தாளில் ஐந்தாவது வரியை எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். உன்னை வரச் சொல்கிறார். வா அக்கா. அவரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல். உன் காலில் விழுகிறேன்.

தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

திருப்தியா என்று கேட்டாயே. ஆமாம். வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது.

நான் முடித்த ஒவ்வொரு காரிலும் அந்தக் கோட்டை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் அப்பா சாவியைக் கொடுப்பார். நட்டைத் தொட்டால் கோடு உடையும். அது அவருக்கும் எனக்கும் தெரியும், பொய் சொன்ன அன்று உனக்குத் தெரியாது. எவனாவது அந்த நட்டைத் திருப்பியிருந்தால் எனக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிருக்கும். அதனால்தான் மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

நான் வரமாட்டேன். அப்பா மேல் கோபமில்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். என்னைத் துரத்தும் முன் யாரையாவது அனுப்பி அந்த டார்ச்சை அடிக்கச் சொல்லியிருக்கலாம். உனக்காக ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். நான் அழுதபோது நீ எத்தனை வார்த்தை சொன்னாய்? அவர் கையெழுத்துப் போட்ட தாள் என் கருவிப் பெட்டியின் மூடியில், உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

காருக்கு வேண்டியது இது. இடது பக்கம் புதிய கீழ் ஆர்ம் மாட்டு. மாட்டியதும் 2410 வருகிறதா என்று பார். காஸ்டர் இரண்டு பக்கமும் இரண்டரை டிகிரி. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே அரை டிகிரி சாயட்டும், அதற்குத் தகடுகளைக் கூட்டிக் குறை. ஸ்டீயரிங்கைப் பழைய இடத்தில் மாட்டு. கடைசியாக டை ராடு, இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பு. டயர்களுக்கு நடுவே முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். என் அளவில் பொய் இல்லை, கார் நேராகத்தான் போகும்.

அதற்கு நீ என் நட்டுகளைத் திருப்பியாக வேண்டும், என் கோடு உடையும். உடையட்டும், அதன் வேலை முடிந்துவிட்டது. இறுக்கிய பிறகு புதிய கோட்டை நீயே போடு. அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். இனிமேல் அந்த நட்டு கழன்றால் உன்னைத்தான் கேட்பார்கள்.

இதற்குப் பதில் எழுதாதே.

அக்கா

பின்குறிப்பு: ஊர்வலத்தன்று அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.