கவட்டுக் கட்டையை எந்தப் பக்கம் கடைவது

ஸ்டீவன்ஸ் பாயிண்ட், விஸ்கான்சின்
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தெரேசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். உங்களுக்கு நியூஸிலாந்தில் வசந்தம், எங்களுக்கு முதல் உறைபனி விழுந்து தக்காளிச் செடிகள் ஒரே இரவில் கறுத்துவிட்டன. உருளைக்கிழங்கு தோண்டி முடிந்து லாரிகள் ஓய்ந்ததால் சாலை அமைதியாக இருக்கிறது. லோரெய்ன் அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போக முடியவில்லை என்பது ஒன்றுதான் அவள் புகார், வலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன் இருமல் விட்டதா? விடவில்லை என்றால் தேன் குடித்துக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரைப் பார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால் அவரைப் பற்றிய செய்தி எதையும் சொல்ல முடிவதில்லை. பத்திரிகையில் இருந்தபோது முக்கியமானதை முதல் வரியில் போடுங்கள் என்று சின்னவர்களை விரட்டியவள் நான், இன்று மட்டும் நடந்த வரிசையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

மார்ச் மாதம் கடைசல் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்த மரக்கிண்ணம் உடைந்து தெறித்து அப்பாவின் இடது கையில் இரண்டு விரல் முறிந்தது உனக்குத் தெரியும். விரல் கூடிவிட்டது, இனிமேல் என்ன வேலை வேண்டுமானாலும் செய்யலாம் என்று டாக்டர் மே மாதமே சொல்லிவிட்டார். உனக்குத் தெரியாதது, அதற்குப் பிறகு அப்பா அந்த இயந்திரத்தை ஒரு தடவைகூட ஓட்டவில்லை என்பது. அதன்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடி வைத்தார். கேட்டால் புல் வெட்ட வேண்டும், மீன் பிடிக்கப் போக வேண்டும், வெயில் தணியட்டும் என்று ஏதாவது ஒன்று வரும். பயமாக இருக்கிறது என்று மட்டும் வராது. நானும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. ஆனால் பகல் முழுக்க அவர் வீட்டுக்குள் என் பின்னாலேயே சுற்றி, நான் பாத்திரம் அடுக்குவதில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தபோது, இவர் மறுபடி அந்த இயந்திரம் இருக்கும் ஷெட்டுக்குள் போகாவிட்டால் இரண்டு பேருக்குமே ஆகாது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஆகஸ்ட் புயலில் பக்கத்து வீட்டு நார்ப்பின் வயல் ஓரத்தில் நின்ற பெரிய வால்நட் மரம் சாய்ந்தது. அடிமரம் இரண்டு கிளையாகப் பிரிகிற இடத்தை, அந்தக் கவட்டையை, அப்பாவுக்கென்றே நார்ப் எடுத்துவைத்து, ரம்பத்தால் நடுவாகப் பிளந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். புத்தகத்தை விரித்த மாதிரி இரண்டு பாதி, இரண்டிலும் கிளைகள் சேரும் இடத்தில் ரேகைகள் விசிறி ஒரு பெரிய இறகு போல நிற்கிறது. அப்பா முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தைப் பார்த்து, சரி, இது இவரை எழுப்பிவிடும் என்று நினைத்தேன். ஒரு பாதியைக் காய்ந்துவிடாமல் ஈர மரச்சீவல் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் கட்டி நிலவறைப் படிக்கட்டின் கீழ் வைத்தார், மற்றதை ஷெட்டில் மேசைமேல் வைத்தார். அடுத்த சனிக்கிழமை கடைசல் சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் நம் ஷெட்டில், ஆளுக்கொரு சாக்குக்கட்டியோடு.

விஷயம் இதுதான். இறகு முழுவதும், ரம்பம் பிளந்த முகத்தை ஒட்டித்தான் இருக்கிறது, உள்ளே போகப் போகக் குறைந்துவிடும். அந்த முகத்தைக் கிண்ணத்தின் வாயாக வைத்துத் தோண்டினால் இறகு சீவலாகப் போகும், ஆழமில்லாத தட்டு செய்தால்தான் தப்பும். திருப்பிப் போட்டு, மரப்பட்டைப் பக்கத்தை வாயாகவும் பிளந்த முகத்தை அடியாகவும் வைத்தால் கிண்ணத்தின் அடியில் இறகு கிடைக்கும். மூன்றாவது வழி, கிளைகளை வெட்டாமல் கொம்போடு அப்படியே சுழலவிட்டுக் கடைவது. பள்ளி பஸ் ஓட்டினாளே வேர்னா, அவள் இரண்டாவது கட்சி. அப்பாவைப் பார்த்து, "ஏன் ரே, அந்த முகத்துல வாய வச்சுத் தோண்டுனா, வாத்த வறுத்துக் குப்பையில கொட்டிட்டுச் சட்டிய நக்குன கதைதான்" என்றாள். நார்ப் கொம்புக் கட்சி. "கொம்ப வெட்டிட்டா அப்புறம் அது கவட்டையா, வெறும் கட்டைடா. கொம்போட இருக்கணும், பாக்கறவன் வாயப் பொளக்கணும்" என்றார். வேர்னா உடனே, "சுத்துற கொம்பு கண்ணுக்கே தெரியாது. வாய் மட்டுமா, மண்டையும் பொளக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாதான் பலமாகச் சிரித்தார், சிரித்துக்கொண்டே இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு விவாதம், விவாதம், விவாதம். காலையில் தட்டு, மத்தியானம் கிண்ணம், சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியால் மேசைவிரிப்பில் படம். நார்ப் கட்டைமேல் சிவப்புச் சாக்குக்கட்டியில் போட்ட கோட்டை வேர்னா அழிப்பாள், வேர்னா வெள்ளையில் போட்டதை அப்பா அழிப்பார். இந்தக் கட்டையை எப்படிக் கடைவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் வரை கடைய வேண்டியதில்லை, அல்லவா? அது எனக்குப் புரிய வாரக்கணக்கு ஆனது, இத்தனை வருஷம் பத்திரிகைக்காகக் கவுன்சில் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்திருந்தும். இதற்கிடையில் வீட்டுக்கு யார் வந்தாலும் ஷெட்டுக்கு ஒரு ஊர்வலம். மரத்தின் மேல்புறம் காய்ந்தால் இறகு மங்கலாகத்தான் தெரியும், ஈரத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் அப்படியே எழுந்து நிற்கும். தபால்காரிக்கு ஒரு துடைப்பு, காஸ் மீட்டர் பார்க்க வந்தவனுக்கு ஒரு துடைப்பு, லோரெய்ன் அத்தைக்கு இரண்டு. பச்சை மரத்தை நனைத்து உலர்த்தி, நனைத்து உலர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கிற மனிதர்தான் இதைச் செய்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்து பாதிரியார் சிப்ரியன் காபிக்கு வந்தார். அவருக்கும் ஊர்வலம், அவருக்கும் துடைப்பு. அவர் குனிந்து பார்த்து, "ரொம்ப அழகு ரே. இந்த முடிய மட்டும் எடுத்துடுங்க" என்று விரலால் தட்டிவிட்டார். அது போகவில்லை. நகத்தால் சுரண்டினார், போகவில்லை. அது முடி இல்லை தெரேஸ், விரிசல். கட்டையின் நடுமையத்திலிருந்து கிளம்பி இறகின் தண்டு வழியாக ஒரு சாண் ஓடியிருந்தது. பாதிரியார் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டு, காபியைக் குடிக்காமலே கிளம்பிப் போனார். அப்பா இயந்திரத்தின் மேலிருந்த விரிப்பை உருவிப் போட்டார், பூசைக்குப் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன், எத்தனை உரிக்கிறேன் என்று பார்க்கவில்லை. முதலில் ரம்பச் சத்தம். அப்புறம் அந்தச் சத்தம், இன்னும் உருண்டையாகாத கட்டை சுழலும்போது வருமே, தரை வழியாகக் காலுக்குள் ஏறுகிற தொம் தொம். மார்ச்சில் கடைசியாகக் கேட்டது அதைத்தான். பாதிரியார் போகிற வழியில் சொல்லியிருக்கிறார், நார்ப் ஓடி வந்துவிட்டார், நேராக ஷெட்டுக்குப் போகப் பார்த்தவரைப் பிடித்து உட்காரவைத்துக் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தேன். அவரும் உரித்தார், உரித்துக்கொண்டே, "கொம்ப விட்டானா வெட்டிட்டானா, அத மட்டும் எட்டிப் பாத்துச் சொல்லு ஐரீன், வேற ஒண்ணும் வேண்டாம்" என்று கெஞ்சினார். நான் எழவில்லை. தொம் தொம் மெல்ல மெல்லத் தேய்ந்து ஒரே சீரான இரைச்சலாக ஆனது. கொம்பு இருந்தால் அந்தத் தொம் தொம் நிற்காது, நார்ப் கத்தியைக் கீழே வைத்தார். "வெட்டிட்டான், பாவி" என்றார், ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

சத்தம் நின்ற பிறகு நான் மட்டும் போனேன். கணுக்கால் வரை சீவல், அதன் நடுவில் பனியனோடு அப்பா, முகக் கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றார். பட்டைப் பக்கத்தையே வாயாக வைத்திருந்தார், வேர்னா சொன்ன வழி. விரிசல் ஓடிய முகத்தைக் கட்டைவிரல் கனத்துக்கு அறுத்து எறிந்துவிட்டதால் பாதி இறகு அதோடு போய்விட்டது. "பெரிய இறகு போச்சு ஐரீன். இந்தா பாரு, குஞ்சு இறகு நிக்குது" என்று உள்ளே காட்டினார். கிண்ணத்தின் அடியில் உள்ளங்கை அளவுக்கு, அவ்வளவுதான், ஆனால் அழகு. கை நடுங்கியதா என்று கேட்டேன். "நடுங்கிச்சு. கட்டை உருண்டையாகுற வரைக்கும் நடுங்கிச்சு. அப்புறம் எங்க போச்சுன்னு தெரியல" என்றார். இப்போது கிண்ணம் தடிமனாகத்தான் இருக்கிறது, காகிதப் பையில் போட்டுக் குளிர்காலம் முழுக்க உலரவிட்டு ஏப்ரலில் மறுபடி இயந்திரத்தில் ஏற்றி மெலிதாகக் கடைய வேண்டும். இதை நான் கேட்காமலே அவரே சொன்னார், மறுபடி ஏற்றுவதைப் பற்றி, புல் வெட்டுவதைப் பற்றிச் சொல்வது போல. அன்று ராத்திரி மூன்று பேரும் உருளைக்கிழங்கு அப்பம் சாப்பிட்டோம், திங்கட்கிழமையும் அதையே சாப்பிட்டோம், இன்றும் அதுதான்.

இனி உன் பங்கு. படிக்கட்டின் கீழ் இருக்கும் மறுபாதியில் இறகு முழுசாக இருக்கிறது, அதை உனக்குத்தான் செய்ய வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருக்கிறார், தட்டா கிண்ணமா என்று உன்னையே கேட்கப் போகிறார். எது பிடிக்கிறதோ அதைச் சொல், இரண்டுமே நன்றாக இருக்கும். ஆனால் உடனே சொல், ஒரே வார்த்தையில் சொல். உங்க இஷ்டம் அப்பா என்று மட்டும் தவறியும் சொல்லிவிடாதே, சனிக்கிழமை சங்கம் கூடுகிறது.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கடவுள் உங்கள் வீட்டில் அடுப்பையும் சிரிப்பையும் அணையாமல் காக்கட்டும். டாக்டரைப் பார்க்க மறக்காதே.

என்றும் உன் அம்மா,
ஐரீன் ஒமர்னிக்