கணவர் வெளியேற அனுமதி கோரி

அனுப்புநர்:
முழுநேர ஆய்வு மாணவி, மண்ணறிவியல் துறை,
ஆய்வு மாணவர் குடும்பக் குடியிருப்பு,
மூன்றாம் மாடி, கதவு எண் 11.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: குடும்பக் குடியிருப்பு, கதவு எண் 11 – என் கணவர் வீட்டைவிட்டு வெளியேறிய பின்னும் நானும் என் மகளும் அதே வீட்டில் வசிக்க அனுமதி வேண்டுவது தொடர்பாக.

பார்வை: என்னுடைய முந்தைய மனுக்கள் மூன்றும், அவற்றுக்குக் குடியிருப்புப் பிரிவு அனுப்பிய பதில்களும்.

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா அவர்களுக்கு,

1. நான் மண்ணறிவியல் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வருகிறேன். என் கணவர் கணிதத் துறையில் ஆய்வை முடித்துவிட்டு, அதே துறையில் பகுதிநேர வகுப்புகள் எடுக்கிறார். மேற்படி வீடு என் பெயரில் ஒதுக்கப்பட்டது. அதில் நான், கணவர், ஐந்து வயது மகள் மூவரும் வசிக்கிறோம். இதுவரை எழுதிய மனுக்களில் விதிகளைப் பற்றி மட்டுமே எழுதினேன். நடந்ததை எழுதவில்லை. இந்த முறை நடந்ததையே எழுதிவிடுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. எங்கள் கல்யாணக் களைப்புகூடத் தீராத நிலையில் குடும்பக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தோம். காத்திருப்போர் பட்டியலில் எங்களைச் சேர்த்தார்கள். அதுவரை அவரவர் விடுதியில் இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. ஆண்கள் விடுதி வளாகத்தின் ஒரு கோடி, பெண்கள் விடுதி மறுகோடி என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே நாங்கள் கணவன் மனைவியாக வாழ்ந்த இடங்கள் சிற்றுண்டிச்சாலையின் கடைசி மேசை, நூலகப் படிக்கட்டு, வாயிலருகே உள்ள பேருந்து நிறுத்தம் ஆகியவைதான். சண்டை போட்டாலும் அங்கேதான். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போடும் சண்டை முடிவதில்லை. பாதியில் நிற்கும். மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்துப் போவோம்.

3. காத்திருந்த காலத்தில் மகள் பிறந்தாள். விடுதியில் குழந்தைக்கு இடமில்லை என்பதால், மகப்பேறு விடுப்பு முடிந்ததும் அவளை என் தாயாரிடம் ஊரில் விட்டுவிட்டு வந்தேன். வந்த முதல் சில வாரங்கள் பால் கட்டிக்கொண்டு, விடுதிக் குளியலறையில் நின்று பீய்ச்சி ஊற்றினேன். வெளியே வரிசையில் நின்ற பெண்கள் கதவைத் தட்டுவார்கள். இதையெல்லாம் அலுவலக மனுவில் எழுதக்கூடாது என்று என் கணவர் கருதுகிறார். குடியிருப்புப் பிரிவில் “உங்க நம்பர் நகருதும்மா, நகரலைன்னு சொல்லாதீங்க” என்று ஒவ்வொரு முறையும் சொன்ன எழுத்தர் அவர்களுக்கு, நம்பர் நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை.

4. அந்த ஆண்டுகளில் எங்கள் மணவாழ்க்கை தீர்ந்துவிட்டது. முறிந்தது என்று சொல்ல மாட்டேன். முறிந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். என் கணவர் குடிப்பவரல்லர், கை நீட்டுபவரல்லர், பொய் சொல்பவரும் அல்லர். குழந்தைக்குக் காய்ச்சலா, பட்டியலில் எத்தனையாவது இடம், இந்த இரண்டையும் தவிர எங்களிடம் பேச்சு இல்லாமல் போனது. ஒரு நாள் மாலை, அதே கடைசி மேசையில், “இதை இப்படியே இழுத்துக்கிட்டுப் போக வேணாம், பிரிஞ்சிடலாமா?” என்று கேட்டேன். அவர் தேநீரை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, “நீ கேக்கறதுக்காகத்தான் நானும் காத்திருந்தேன்” என்றார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் எடுத்த முடிவுகளில் இவ்வளவு ஒற்றுமையாக எடுத்தது வேறில்லை.

5. அடுத்த வாரம் வீட்டு ஒதுக்கீட்டு ஆணை வந்தது. ஆணையை வாங்கிக்கொண்டு தங்கள் அலுவலக வாசலில் இருவரும் சிரித்தோம். வாயிற்காவலர், நல்ல செய்தி போலிருக்கிறது என்று நினைத்து எங்களை வாழ்த்தினார். சேர்ந்திருக்க ஆசைப்பட்டபோது வீடு இல்லை. வீடு வந்தபோது ஆசை இல்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டோம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மகள் இன்னும் எத்தனை ஆண்டு தாயார் வீட்டில் வளர வேண்டியிருக்கும் என்று தெரியவில்லை. அவள் என்னை ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்கு முன், இவள்தானா என்று என் தாயாரைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையைப் போக்க எனக்கு ஒரு வீடு தேவைப்பட்டது.

6. வீட்டில் படுக்கையறை எனக்கும் மகளுக்கும். கூடத்தில் ஒரு திரை கட்டி, அதற்கு அந்தப் பக்கம் கணவர். சமையலறை அவருக்கு முதலில், எனக்குப் பிறகு. பாத்திரங்கள் தனித்தனி. சமையலறையில் நான் இருக்கும்போது அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், வாசலில் நின்று தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சொந்த வீட்டில் கனைத்துவிட்டு நுழையும் மனிதரைப் பார்த்துக்கொண்டே இருப்பது எப்படியிருக்கும் என்று விளக்கத் தெரியவில்லை. மகளுக்கு இதில் எதுவும் விசித்திரமில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருக்கும் வேறு வீட்டை அவள் பார்த்ததில்லை.

எங்கள் மாடியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துறையைச் சொல்லியே கூப்பிடுவோம். எதிர்வீட்டு அக்கா ‘புள்ளியியல்’, பக்கத்துவீட்டுத் தம்பதியர் ‘வேதியியல்’, என் கணவர் ‘கணக்கு’, நான் ‘மண்ணு’. “மண்ணும் கணக்கும் எப்படி ஒட்டும்?” என்று கிண்டல் செய்வார்கள். ஆரம்பத்தில் நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

7. சென்ற மழைக்காலத்தில், சுவர் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கட்டடக் காப்பாளர் வீடு வீடாக வந்தார். எங்கள் கூடத்தில் திரையையும் கட்டிலையும் பார்த்துவிட்டு, விருந்தாளி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகள், “அது அப்பா வீடு. இது எங்க வீடு” என்று சுட்டிக் காட்டினாள். காப்பாளர் குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுவாரம், ‘குடும்பமாக வசிக்காதது குறித்து விளக்கம் தருக’ என்று அறிவிப்பு வந்தது. ஒழுகல் இன்றுவரை சரிசெய்யப்படவில்லை. அது வேறு மனு.

8. இருவரும் எழுத்தரைப் போய்ப் பார்த்தோம். “ஏம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா? வீடு போயிடுமே” என்றார். “வீடு போகாம இருக்கத்தான் சார் இத்தனை நாளா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கோம்” என்றேன். அவர் நல்ல மனிதர். விதிப் புத்தகத்தை எங்கள் பக்கமே திருப்பி வைத்துக் காட்டினார். விதிப்படி ‘குடும்பம்’ என்பது கணவனும் மனைவியும். பிள்ளைகள் இருந்தால் அவர்களும். கணவர் வெளியேறினால் நான் ‘தனிநபர்’ ஆகிவிடுவேன். தனிநபருக்கு விடுதி. விடுதியில் குழந்தைக்கு அனுமதியில்லை. நானும் மகளும் சேர்ந்தால் என்ன இனம் என்று கேட்டேன். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “அப்படி ஒரு இனமே இல்லியேம்மா” என்றார்.

9. வழக்கறிஞரிடமும் போனோம். சட்டப்படி பிரிய வேண்டுமானால் முதலில் ஓராண்டாவது வெவ்வேறு முகவரியில் வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறார். பிரிவதற்கு நீதிமன்றம் கேட்பது இரண்டு முகவரி. பிள்ளையோடு இருக்கப் பல்கலைக்கழகம் கேட்பது ஒரே முகவரி. இடையில் ஒரு திரை கட்டிக்கொண்டு நாங்கள் இருக்கிறோம்.

10. எழுத்தர் ஒரு வழி சொன்னார். ‘நாங்கள் இணக்கமான இல்லற வாழ்வு நடத்தி வருகிறோம்’ என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டால் விவகாரம் முடிந்துவிடுமாம். தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெடுநாளைக்குப் பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்தோம். கணவர் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு, “இணக்கம்னுதானே போட்டிருக்கு? அது இருக்குதானே நமக்குள்ள?” என்றார். இருக்கிறது. அதுதான் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டால் பிறகு நீதிமன்றத்தில் அதே தாளை நீட்டுவார்கள். இருவருமே பேனாவை மூடிவிட்டோம்.

11. இனி எழுதப்போவது எனக்குத் தெரியும் என்பது என் கணவருக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு நகரத்துக் கல்லூரியில் அவருக்கு நிரந்தர விரிவுரையாளர் பணி கிடைத்தது. அவர் போகவில்லை. போனால் இந்த வீடு ரத்தாகும், மகளும் நானும் வெளியே நிற்போம் என்பதால் வேண்டாம் என்று எழுதிவிட்டார். என்னிடம் சொல்லவே இல்லை. எதிர்வீட்டுப் புள்ளியியல் அக்கா, கணிதத் துறையில் கேள்விப்பட்டதை எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, “கணக்கு இப்படிப் பண்ணலாமாடி? நீயாவது புத்தி சொல்லக் கூடாதா?” என்று கேட்டுவிட்டார். அன்று மாலை என் கணவர் வழக்கம்போலக் கனைத்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். எந்த முறையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இது அன்புதானே, பிறகு ஏன் பிரிகிறீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியவில்லை ஐயா. அன்பாக இருந்தால் இன்னும் மோசம். ஒரு மனிதர் எங்களுக்காகத் தன் வாழ்க்கையைத் திரைக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். அதை நிறுத்தும் அதிகாரம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, தங்கள் அலுவலகத்துக்கு இருக்கிறது.

12. என் மூன்று மனுக்களுக்கும் வந்த பதில் ஒன்றே: ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. முடிவு தெரியும்வரை தற்போதைய நிலையே தொடர வேண்டும்.’ முதல் முறை அதைப் படித்து ஆறுதல் அடைந்தேன். மூன்றாம் முறை புரிந்தது. பரிசீலனை நடக்கும்வரை அவரும் போக முடியாது, நானும் போக முடியாது. தங்கள் அலுவலகம் எங்களை ஒன்றும் செய்யவில்லை. அப்படியே வைத்திருக்கிறது.

13. இப்போது அவருக்கு இரண்டாவதாக ஓர் அழைப்பு வந்திருக்கிறது. இதுவும் புள்ளியியல் அக்கா சொன்னதே. இதையும் விட்டால் அவர் வயதுக்கு இன்னொன்று வராது.

ஆகவே வேண்டுகிறேன்:

முதலாவதாக, என் கணவர் வெளியேறிய பின் நானும் மகளும் இந்த வீட்டில் தொடர அனுமதியுங்கள்.

அது விதியில் இல்லையெனில், என் ஆய்வேட்டை ஒப்படைக்கும்வரையாவது அனுமதியுங்கள். மண் மாதிரிகள் எல்லாம் சேகரித்தாகிவிட்டது. எழுதும் வேலைதான் பாக்கி.

அதுவும் இயலாதெனில், இயலாது என்று எழுத்தில் தெரிவியுங்கள். ‘இல்லை’ என்ற பதில் கையில் கிடைத்தால், மகளை மீண்டும் தாயாரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் விடுதிக்குத் திரும்புவேன். அவள் மறுபடியும் என்னைப் பார்த்துவிட்டு என் தாயாரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்குவாள். தெரிந்தே சொல்கிறேன். ஆனால் என் கணவர் தம் பணியில் போய்ச் சேரலாம். மூவரில் ஒருவராவது எங்காவது போய்ச் சேர்ந்தார் என்றிருக்கும்.

முதல் இரண்டும் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மூன்றாவதைத் தருவதற்கு எந்த விதியும் தடையாக இருப்பதாகத் தெரியவில்லை. தங்கள் பதிலில் ‘பரிசீலனை’ என்ற சொல் மட்டும் இல்லாதிருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பல்கலைக்கழக வளாகம்
நாள்: பருவத் தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

இப்போதைக்கு இதே முகவரியில் இருக்கும்,
(கையொப்பம்)
ஆய்வு மாணவி, கதவு எண் 11

மனுதாரரின் கணவர் ஒப்புதல் (குடியிருப்புப் பிரிவு கேட்டபடி):

மேற்கண்ட மனுவை முழுவதும் படித்தேன். பதினொன்றாம் பத்தியிலும் பதின்மூன்றாம் பத்தியிலும் உள்ள செய்தி மனுதாரருக்குத் தெரியும் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். இரண்டாவது அழைப்பையும் வேண்டாம் என்று போன திங்கட்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன். மற்றபடி ஆட்சேபணை எதுவும் இல்லை.

(கையொப்பம்)
கணவர், கதவு எண் 11