விசாலத்துக்கு ஒரு கோட்டை

1946 ஜூன் 2, மாட்டுங்கா

நாளை கப்பல். யுத்தத்தில் தோற்ற ஜப்பானில் காவல் இருக்கும் நம் பட்டாளத்துக்குக் குமாஸ்தா வேண்டுமாம். டைப் அடிக்கத் தெரிந்த பாவத்துக்கு என்னைப் பிடித்துவிட்டார்கள். விசாலம் மூன்று டப்பாவில் ரசப்பொடி அடைத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். கல்பாத்தியையும் மாட்டுங்காவையும் தவிர அவள் ஒன்றும் பார்த்ததில்லை. "பாக்கற எடத்தையெல்லாம் எழுதுங்கோ. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்" என்றாள். சரி என்றேன். கடிதம் எழுதுவதில் நான் எவ்வளவு சோம்பேறி என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 11, மாட்சுவே

விசாலம் முழுகாமல் இருக்கிறாளாம். இன்று அடித்த காகிதமெல்லாம் தப்பு.

1947 மார்ச் 1

மழை. காலுறை இன்னும் காயவில்லை. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 22

அப்பாவின் கடிதம். பிப்ரவரி 27 அன்று பெண் குழந்தை. தாயும் சேயும் க்ஷேமம். முகாம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன்.

ஒரு வேடிக்கை. சாதாரணக் கார்டுக்கே நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிற மனுஷர், பேத்தி பிறந்த கடிதத்துக்குத் தடவ மறந்துவிட்டார். தாத்தாவானதில் தலைகால் புரியவில்லை போலிருக்கிறது. 'மஞ்சளுக்கும் ரேஷன் வந்துவிட்டதா?' என்று கேலியாகப் பதில் போட்டேன்.

விசாலம் ஒரு வரி எழுதியிருக்கலாம். பிள்ளை பெற்ற உடம்பு, நாற்பது நாள் கண்ணுக்கு வேலை கூடாது என்கிறார் அப்பா.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று ஒரு கோட்டையூரைப் பார்த்தேன். ஊர் என்று சொல்லக்கூடாது. ஊர் இருந்த இடம்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒகாடா, பள்ளிக்கூட வாத்தியார், லாரியில் அழைத்துப் போனார். அமாகோ என்ற சாமுராய் வம்சம் ஆண்ட மலை. மேலே பாசி பிடித்த கல்சுவர்கள்தான் மிச்சம். எதிரி சூழ்ந்துகொண்டு சோறு வரும் வழியை அடைத்தானாம்; பசி தாங்காமல் கோட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அடிவாரத்தில் கடைத்தெருவும் வீடுகளுமாக இருந்த ஊர் அதற்குப் பிறகும் நூறு வருஷம் பிழைத்தது. பிறகு ஒரு வெள்ளம். மொத்தமும் ஆற்றுமணலுக்கு அடியில். அந்த மணலில் நீலக்கோடு போட்ட கிண்ணத்துண்டு ஒன்று கிடைத்தது. விசாலத்துக்காகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

சுவர்மேல் உட்கார்ந்தே அவளுக்கு ஆறு பக்கம் எழுதினேன். பக்கத்தில் செர்ரி பூத்திருந்தது. அவள் கேட்பதுபோலவே இருந்தது: அந்த ஊர்ப் பொம்மனாட்டிகள்லாம் எங்க போனா? அதையும் ஒகாடாவிடம் கேட்டு எழுதினேன். அவருக்கும் தெரியவில்லை.

ஒகாடாவின் மகன் பர்மாவில் செத்தவன். செய்தி வர ஒரு வருஷம் ஆயிற்றாம். வெளியூர் போனவர்களுக்கு வீட்டில் சாப்பாடு எடுத்துவைப்பது இவர்கள் வழக்கம். அந்த ஒரு வருஷமும் அவர் மனைவி செத்தவனுக்குத் தினம் சோறு வைத்திருக்கிறாள். பாவம், அந்த அம்மாள். நல்லவேளை, எனக்கு வந்தது நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் நாற்பது முடிகிறது. இனி அவளே எழுதுவாள்.

ஏப்ரல் 21

ஊர் திரும்ப உத்தரவு. அவள் கடிதம் வரவில்லை. நான் வருவது தெரிந்து எழுதாமல் இருக்கிறாளோ?

மே 14, மாட்டுங்கா

அப்பா வாசலிலேயே நிறுத்தினார். "உள்ள வராதே. குளிச்சுட்டு வா."

குளிக்கச் சொன்னதுமே சாவுத் தீட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. யாருன்னுதான் தெரியலை. அக்கா பாகீரதி கீழ்வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள் — அக்கா ஏன் தூக்கிண்டு வரா? குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன்.

மார்ச் ஒண்ணாம் தேதி. பிரசவ ஜுரம்.

"கடல் தாண்டி இருக்கறவனுக்கு எப்படிடா எழுதறது? பொய் எழுதிட்டேன். மஞ்சள் வைக்க மட்டும் கை வரல்லை" என்றார் அப்பா. சாவுச் செய்தி போகும் கடிதத்துக்குத்தான் மஞ்சள் வைப்பதில்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். கண்ணால் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சிரித்தேன். ரேஷனா என்று கேட்டேன். அதைப் படிச்சபோது அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

மே 17

மார்ச் ஒன்றாம் தேதி என்ன எழுதியிருக்கிறேன் என்று புரட்டினேன். காலுறை.

மே 20

அலமாரியில் மார்ச்சுக்குப் பின் வந்த என் கடிதங்கள், பிரிக்காமல். "அவளுக்கு எழுதினதை நான் பிரிக்கலாமா?" என்கிறார் அப்பா. கோட்டைக் கடிதம்தான் எல்லாவற்றிலும் கனம். அதற்கு ஐந்து வாரம் முன்னே செத்துப்போனவளுக்கு ஆறு பக்கம் ஊர் காட்டியிருக்கிறேன். ஒகாடாவின் மனைவிக்காக அன்று பரிதாபப்பட்டேன்.

ஆகஸ்ட் 15

தெருவெல்லாம் கொடி. குழந்தைக்கு ஜுரம். வெளியே போகவில்லை.

செப்டம்பர் 30

ஷ்யாமளா — விசாலம் சொல்லி வைத்திருந்த பெயராம் — இன்று என்னிடம் தானாக வந்தாள். அக்கா தன் பிள்ளையோடு இதற்கும் பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். கைக்குட்டையை அவிழ்த்துக் கிண்ணத்துண்டைக் காட்டினேன். வாயில் வைக்கப் பார்த்தாள். பிடுங்கினேன், அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

1948 ஜனவரி 25, ஞாயிறு

சாஸ்திரிகள் நாள் பார்த்துச் சொன்னார். ஷ்யாமளாவின் நட்சத்திரப் பிறந்தநாள் பிப்ரவரி 18. விசாலத்தின் திதி மறுநாள், 19. முந்தின நாள் ஒரு பாயசம் மட்டும் போதும் என்று அக்காவிடம் சொன்னேன்.

கல்பாத்திக்கு, விசாலத்தின் அம்மாவுக்கு, இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். விரலைக் கழுவிக்கொண்டு வந்து மற்றதை மடித்தேன். இரண்டும் ஒரே தபாலில் போயிற்று.