நாலாம் வார்டு வானம்

யூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. வெளியே மண் பறக்கிறது. உள்ளே காற்றே இல்லை.

அம்மாவுக்கு இந்தக் கட்டிலில் ஒன்பதாம் நாள். உன்னிச்சையில் வயல் வட்டைக்குக் களை பிடுங்கப் போகும்போது உழவு மெசின் இழுக்கும் பெட்டியிலிருந்து விழுந்தா. தொடை எலும்பு இரண்டு துண்டு. காலில் கயிறு, கயிற்றின் முனையில் எடை. புரளக் கூடாது. ஒப்பரேஷன் வரை மல்லாக்கத்தான்.

அப்படிக் கிடந்தால் தெரிவது கூரை மட்டும். கூரையில் வானம். சுவிஸிலிருந்து ஒரு ஐயா தன் தாயின் நினைவாகப் போட்டுக் கொடுத்தது. சதுரம் சதுரமாகத் தகடு, உள்ளே லைட். நீல வானம், வெள்ளை மேகம். ஓரத்தில் ரோசா நிறத்தில் பூத்த ஏதோ ஒரு மரத்தின் கிளை. இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லாத மரம். நோயாளி அண்ணாந்து பார்த்தால் மனம் குளிருமாம். வாசல் பலகையில் எழுதியிருக்கிறது.

முன்பு ஏழு ஃபேன் ஓடிய வார்டு. வானத்தை மறைக்கும் என்று ஏழையும் கழற்றினார்கள். வெயில் பட்டால் வானம் மங்கும் என்று யன்னல்களைப் பூட்டிக் கண்ணாடியில் ஸ்டிக்கர். ஏசி இரண்டு. ஒன்று ஒழுகுகிறது, குளிரவில்லை. மற்றதைப் போட்டால் எக்ஸ்ரே அறையில் கரண்ட் விழுகிறது, ஆகவே போடுவதில்லை.

மனம் குளிர்கிறதோ தெரியாது. முதுகு அவிகிறது.

யூலை 9, புதன்

வாங்க: பவுடர், பழைய சீலைத் துண்டு, பிஸ்கட், பேனை.

அம்மாவின் முதுகில் புண். இடுப்புக்கு மேலே, ஐந்து ரூபா நாணயக் குற்றி அளவு. துடைக்கக் கை விட்டபோது பட்டது. அம்மா “ஸ்” என்றா. எத்தனை நாளாக மறைத்தாவோ.

டாக்டர் பார்த்தார். ஒப்பரேஷன் 24, வியாழன். “முதுகு காயாமக் கத்தி வைக்க மாட்டன். அழுக்குப் பிடிச்சா எலும்புக்கும் போயிடும். ஈரம் இல்லாம வெச்சுக்கொள்ளுங்க.” போய்விட்டார். அவர் சட்டையும் முதுகில் நனைந்துதான் இருந்தது.

எக்ஸ்ரே வரும் பெரிய உறையால் விசிறினேன். காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் மூன்று. என் வியர்வை அம்மா மேல் சொட்டியது.

கூரைக்காரர் சதுரங்களை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒரு மேகத்தின் தலை எங்களுக்கு மேல், வால் மூன்று கட்டில் தள்ளிக் கக்கூஸ் கதவுக்கு மேல். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் தினமும் பார்த்துப் பார்த்து வெறுக்கிறேன்.

யூலை 11, வெள்ளி

நேற்று எழுதிப் பாடமாக்கியது: “சிஸ்டர், எங்கள் அம்மாவுக்கு ஒரு நிற்கிற ஃபேன் தருவீர்களா?” ஏழு சொல்.

இன்று மேசைக்கு முன்னால் போய் நின்றேன். சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தா. வாய் திறக்கவில்லை. அற்றன்டன் ராணி அக்கா வாளியுடன் போனவ நின்று பார்த்தா.

“என்னகா, கோயிலுக்கு நேர்த்தி வெச்ச மாதிரி நிக்கிறாய்? ஊமையா நீ?”

பள்ளிக்கூடத்திலும் இதுதான். பத்தாம் வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழும்பி நின்று பேசாமல் நின்றேன். திமிர் என்றார்கள். பிறகு போகவில்லை. இரண்டு வருடம்.

சிஸ்டர் தலை நிமிர்ந்து அம்மாவின் கட்டிலைப் பார்த்தா. “முதுகுப் புண்தானே? திங்கக்கிழமை அஞ்சாம் வார்டுக்கு மாத்துவம். அங்க ஃபேன் இருக்கு.”

தலையாட்டினேன். திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தா. இன்னும் மூன்று நாள்.

ஒழுகுகிற ஏசியின் தண்ணீர் வானத்துக்குள் போய்விட்டது. பக்கத்துக் கட்டில் சலீமா உம்மாவின் நெற்றியில் ஒரு சொட்டு. ஏறாவூர், சீனி வருத்தக் கால் புண், அடிக்கடி வந்து படுக்கிறவ.

“யா அல்லா, மழ வந்திட்டு புள்ள. உடுப்ப எடு, உடுப்ப எடு.”

வார்டே சிரித்தது. நானும்.

யூலை 13, ஞாயிறு

சுவிஸ் ஐயா வந்தார் (இனி சு.ஐ.). காலையிலிருந்து ராணி அக்கா நிலம் தேய்த்தா. புது விரிப்பு. மூடிக் கிடந்த ஏசியைப் போட்டார்கள். எக்ஸ்ரே இன்று இல்லையாம்.

சு.ஐ. நல்ல வெள்ளைச் சட்டை. கூடவே வீடியோ எடுக்கும் ஒருவர். கட்டில் கட்டிலாக வந்தார்கள். அண்ணாந்து பார்த்துச் சு.ஐ.க்குக் கண் கலங்கியது. “அம்மா கடைசி ரெண்டு மாசமும் சுவரைப் பாத்துக்கொண்டே கிடந்தவ. அதுதான் இப்படிச் செய்யோணும் எண்டு நினைச்சன்.” அது பொய்யில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

எங்கள் அம்மாவிடம்: “எப்பிடி அம்மா இருக்கு?”

அம்மா: “சொர்க்கம் மாதிரி இருக்கு தம்பி. நீங்க நல்லா இருக்கோணும்.”

முதுகில் புண்ணை வைத்துக்கொண்டு. தந்தவன் முகத்துக்கு முன்னால் குறை சொல்லக் கூடாது, அதுதான் அம்மாவின் சட்டம். கல்யாண வீட்டில் உப்புக் கூடிய கறியையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்குவா.

பிறகு வீடியோக்காரர் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நீங்க ஒரு சொல்லுச் சொல்லுங்க. வானம் எப்பிடி?”

எல்லாரும் பார்த்தார்கள். கமராவின் சிவப்புப் புள்ளி.

“நல்லம்” என்றேன்.

அவர்கள் போன அரை மணித்தியாலத்தில் ஏசி நின்றது.

யூலை 14, திங்கள்

அம்மாவின் சாமான்களைப் பையில் போட்டுக் காத்திருந்தேன். பத்து மணி. பதினொன்று.

ஐந்தாம் வார்டில் ஏணி. ஃபேன் கழற்றுகிறார்கள்.

சிஸ்டர் ராணி அக்காவிடம் சொன்னது, என் காதிலும் விழுந்தது: “ஆக்களுக்கு நல்லாப் பிடிச்சிருக்காம். கூரைக்காரர் இன்னும் ஊரிலதானே, உடன தொடங்கச் சொல்லிட்டார் ஐயா. நான் என்ன செய்யிற? மறிச்சா அவர் தரப்போற, கிட்னிக்காரருக்கு ரத்தம் சுத்துற மெசினும் வராது.”

ராணி அக்கா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தா. “இஞ்ச பாருகா, நீ வந்திருக்காய்.” சு.ஐ. தன் முகநூலில் போட்டிருக்கிறார். அம்மா சொர்க்கம் என்கிறா. பிறகு நான். எண்ணெய் வழியும் முகம். நல்லம்.

ஃபேன் கேட்க ஏழு சொல் வரவில்லை. ஃபேனைக் கழற்ற ஒரு சொல் வந்தது.

பின்னேரம் சீலை கழுவப் பின்பக்கம் போனேன். வாவிக் கரைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். உள்ளே உடைந்த கட்டில்கள், அதற்கு மேல் ஏழு ஃபேன். எங்கள் வார்டுடையவை. சுழலும் செட்டைகளில் பெயின்ற்றால் பெயர்கள். எங்கள் பகுதியில் ஆள் செத்து முப்பத்தொராம் நாளுக்கு ஆசுபத்திரிக்கோ கோயிலுக்கோ ஃபேன் கொடுத்தால் செட்டையில் எழுதித்தான் கொடுப்பார்கள். தூசியைத் துடைத்து வாசித்தேன்.

– ஒரு அப்பா
– கணவனும் மனைவியும், ஒரே ஃபேனில்
– ஆட்டோ ஓட்டுநர்கள் சேர்ந்து கொடுத்தது
– ஒரு ரீச்சர்
– பெயர் அழிந்தது, இரண்டு
– “அமரர் செல்வி தர்ஷினி / 31ஆம் நாள் நினைவாக / அம்மா, மாங்கேணி”. மூன்று செட்டையில் மூன்று வரி.

சலீமா உம்மாவிடம் சொன்னேன். உம்மாவோடு எனக்குப் பேச்சு வருகிறது, ஏன் என்று தெரியாது.

“அந்தப் பொம்புளயா? கருவாட்டுக்காரி பாக்கியம். வருசா வருசம் மகள்ற திவசத்துக்குச் சோத்துப் பார்சல் கொண்டு வந்து குடுப்பா. குடுத்துப்போட்டு ஃபேனுக்குக் கீழ செத்த நேரம் நிப்பா. உன்ட உம்மா கிடக்கிற இந்தக் கட்டில்லதான் அந்தப் புள்ள மவுத்தானது.”

யூலை 15, செவ்வாய்

புண் இன்று பெரிது. ஓரம் வெள்ளை.

இந்தக் கொப்பியிலிருந்து ஒரு தாள் கிழித்தேன். பேச வராது, எழுத வரும்.

“உங்கள் மகளின் ஃபேனைக் கழற்றிவிட்டார்கள். நாலாம் வார்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் கிடக்கிறது. உடையவில்லை.”

பெயர் போடவில்லை. மடித்து, “கருவாட்டுப் பாக்கியம், மாங்கேணி” என்று மேலே எழுதி, மாங்கேணி வழியாகப் போகும் வாகரை பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்க் கொண்டக்டரின் கையில் வைத்தேன். அவர் “ஓ, அந்த வாயாடியா” என்றார். மருந்துச் சீட்டுகளோடு சட்டைப் பையில் செருகினார்.

திரும்பி வந்து உறையை எடுத்து விசிறினேன்.

யூலை 17, வியாழன்

காலை ஒன்பதரை. டாக்டர் வந்து போன பிறகு. கருவாட்டு வாசம் முதலில் வந்தது.

மெலிந்த ஆள். கையில் பழைய சைக்கிள் ரியூப் கட்டிய பை. வாசலில் செருப்பைக் கழற்றி, நேரே எங்கள் கட்டிலடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தா. பிறகு:

“எண்ட புள்ளட ஃபேன் எங்க?”

ராணி அக்கா: “சத்தம் போடாதீங்க, இது வார்டு.”

“வார்டு எண்டு தெரியும். எண்ட வயித்தில பிறந்தது இதிலதான் செத்தது. மூச்செடுக்க ஏலாமக் கிடந்து, அம்மா காத்து, அம்மா காத்து எண்டு கேட்டுச் செத்தவள். அதுக்குத்தான் காத்தாடி குடுத்த. நீங்க மேகத்த ஒட்டி வெச்சிருக்கிங்க. இந்த மேகத்தில காத்து வருமாகா? ஒருக்கா ஊதிக் காட்டு பாப்பம்!”

சிஸ்டர் ஓடி வந்தா. “அம்மா, அது பெரிய ஆக்கள் செய்தது. நாங்க...”

“அவர் தாய்க்குச் செய்தார். நான் மகளுக்குச் செய்தன். அவர்ட தாய் மேல, எண்ட புள்ள நிலத்திலயா?”

“ஆரு உங்களுக்குச் சொன்னது?”

பாக்கியம் பையைத் திறந்து தாளை எடுத்துக் காட்டினா. கோடு போட்ட தாள், ஓரம் கிழிந்தது. ராணி அக்கா தாளைப் பார்த்தா. பிறகு என் மடியில் இருந்த கொப்பியைப் பார்த்தா. பிறகு எல்லாரும்.

அம்மா மெல்ல: “இல்ல, எங்கட புள்ள அப்பிடிச் செய்யாது. அது வாயே திறக்காது.”

அந்தச் சொல்தான். எழும்பி நின்றேன்.

“நான்தான்.”

சிஸ்டர்: “உனக்கு வாய் இருக்கா?”

“கொக்கி இன்னும் மேல இருக்கு” என்றேன். தண்ணீர் ஊறி ஒரு சதுரம் வளைந்து கிடக்கிறது, அந்த வெடிப்புக்குள்ளே பழைய இரும்புக் கொக்கி தெரிகிறது. ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “அந்த ஒரு தகட்டக் கழட்டினாக் காணும். ஃபேன் நல்லாத்தான் இருக்கு, நான் சுத்திப் பாத்தன். அம்மாக்கு முதுகு காயோணும். காயாட்டி ஒப்பரேஷன் இல்ல. நான் அண்டைக்கு நல்லம் எண்டு சொன்னது பொய்.”

இவ்வளவும் நான் சொன்னவை. மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

பாக்கியம் ஃபேன் ஓடும் வரை போகமாட்டேன் என்று நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தா. இரண்டு மணிக்கு வயர்மன் வந்தார். வானத்தில் ஒரு சதுரத்தைக் கழற்றிச் சுவரோடு சாத்தினார். மேகத்தின் தலை கக்கூஸ் வாளிக்குப் பக்கத்தில்.

மூன்றே காலுக்கு ஓடியது. பாக்கியம் செத்த நேரம் கீழே நின்றா. என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் நெற்றி முடி பறப்பதைப் பார்த்தா. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டா.

யூலை 18, வெள்ளி

– சு.ஐ. போனில் சிஸ்டரைப் பிடித்துப் பேசினாராம். சிஸ்டரின் கண் சிவந்திருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பினா.
– ராணி அக்கா எங்கள் கட்டிலடியை மட்டும் கூட்டவில்லை.
– அம்மா காலையிலிருந்து ஏச்சு. “அந்தத் தம்பி என்னைப் பத்தி என்ன நினைப்பார்? நாலு பேருக்கு முன்னால என்னப் பொய்க்காரி ஆக்கிட்டாய்.” ஏசிக்கொண்டே நித்திரையானா. பத்தொன்பது நாளில் முதல் தரம் நல்ல நித்திரை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

சலீமா உம்மா: “இங்கால காத்து வருதில்ல புள்ள. மத்த ஆக்களுக்கும் ஒரு கடிதம் எழுது. ஆட்டோக்காரனுகளுக்கு முதல்ல எழுது, அவனுகள் கெதியா வருவானுகள்.”

எழுதினேன். பெயர் அழிந்த இரண்டுக்கும் ஆருக்கு எழுதுவது?

யூலை 23, புதன்

டாக்டர் முதுகைப் பார்த்தார். “காஞ்சிருக்கு. நாளைக்கு வெட்டுவம்.” என்னைப் பார்த்து, “நீயா அந்தக் கடிதக்காரி?” என்றார். “ஓம்” என்றேன். உடனே.

ஐந்தாம் வார்டு வேலை நின்றிருக்கிறது. வானமும் இல்லை, ஃபேனும் இல்லை. அங்கே இருப்பவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

நாளைக்கு: அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. காப்பைக் கழற்ற வேண்டும். இரத்தத்துக்கு ஆள், மாமா ஆறு மணி பஸ்.

நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று. வானம் முழுவதும் அணைந்தது. வெறும் சாம்பல் நிறத் தகடு. ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. முதல் தரம் கீழிருந்து வாசித்தேன்: அமரர் செல்வி தர்ஷினி. அடுத்த செட்டையை வாசிக்கக் கழுத்தைத் திருப்பினேன்.

கரண்ட் வந்துவிட்டது.