ஸ்டியரிங்கை விட்ட கை

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, இரவு

நைனா ஓட்டும் முதலாளியின் புதுக் கார் தானாகவே வளையும், தானாகவே பிரேக் போடும். இன்று பள்ளியிலிருந்து என்னை அழைத்து வரும்போது, தொண்டூர் சாலையில் கையை எடுத்துக் காட்டினார்.

"பாத்தியா, நைனா சும்மா குந்திக்கினு வரேன்!"

வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று சாலையில் அறுத்த உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். நடுவில் ஓர் அக்கா குனிந்து புரட்டிக்கொண்டிருந்தாள். பழைய காரென்றால் நைனா தூரத்திலேயே ஹாரன் அடித்திருப்பார். இன்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். காரும் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் அலறியதும்தான் பிரேக்கை மிதித்தார்.

"யோவ், கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று அக்கா கத்தினாள்.

"நான் கத்தலன்னா இன்னா ஆயிருக்கும் நைனா?"

"அதான் கத்துனியே. அம்மாகிட்ட சொல்லாத."

நாளை அதே காரில் தனியாகப் போகிறார். கத்த யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா இன்னும் தூங்கவில்லை. சொல்லிவிடப் போகிறேன்.